பக்கத்து வீட்டு ஓடு

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம், முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. நீ, உன் மனைவி, சின்னது, மூவரும் சுகம்தானே? எழுதுவதற்குப் பதில் போனில் பேசலாமே என்று உன் மனைவி சொல்லியிருந்தாள். அவள் பேசுவது எனக்குத் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது. நான் பதில் சொன்னால் சண்டைக்கு வருகிறேன் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். என் காது இருக்கிற நிலையில் குடும்ப ஒற்றுமைக்குக் கடிதம்தான் பாதுகாப்பு.

விஷயம் கூரை. துணி வெட்டும் மேசைக்கு நேர் மேலே மரக்கிளை விழுந்து ஓர் ஓடு போயிற்று. அப்பா செய்துவந்ததையே செய்தேன். கொக்கிக் கம்பை எடுத்துக்கொண்டு பின்சுவர்ப் பக்கம் போய், கடிகாரக்காரர் வீட்டுக் கூரையிலிருந்து ஒன்றை இழுத்தேன். ஏறிப் போட்டது பால்காரர், நானில்லை, பதறாதே. அப்பாவின் விதி உனக்குத் தெரியும்: நம் வீட்டில் ஒன்று உடைந்தால் அங்கேயிருந்து ஒன்று. ஒன்றுக்கு மேல் எடுத்தால்தான் திருட்டு என்பார். கடிகாரக்காரர் இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். அவர் வீட்டம்மா சொந்தக்காரர்களிடம் போவதாகச் சொல்லிப் பூட்டிவிட்டுப் போனவர்தான். அந்தப் பூட்டே துருவாகி உதிர்ந்துவிட்டது. யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது நான் எடுத்ததுதான் அங்கே முழுசாக இருந்த கடைசி ஓடு. அந்த வீடு மூடி தொலைந்த பாத்திரம் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

இத்தனை செய்தும் ஒழுகுகிறது. பள்ளிச் சீருடைத் துணியில் கறை விழுந்தால் அந்தப் பள்ளிக்கூடத்து அம்மா என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவார். ஒட்டுப் போட்டது போதும், மொத்தமாக மாற்று என்று ஒரு கூரை எப்படித்தான் சொல்லும்? உங்கள் துறைக்காக நீதானே அதைப் பற்றிக் கையேடு எழுதினாய்? ஒரு பிரதி அனுப்பு. இல்லாவிட்டால் மனிதர்களுக்குப் புரிகிற மாதிரி நாலு வரி எழுது.

சின்னதின் தலையைத் தடவிக் கொடு.

உன் அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். சின்னதுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பேச்சில் காற்று அதிகம். உன் முழங்காலுக்கு என் மனைவி ஒரு தைலம் வாங்கிவைத்திருக்கிறாள். அதை அனுப்ப மறப்பது என் பொறுப்பு.

கையேடு கையிருப்பில் இல்லை. எங்கள் அலுவலகக் கூரை ஒழுகுவதால் மிச்சமிருந்த கட்டுகளை ஒழுகும் இடங்களில் அடுக்கியிருக்கிறோம். ஈரத்தை நன்றாக உறிஞ்சுகின்றன. துறை வெளியீடுகளில் நேரடிப் பயன் தந்தது இதுதான் என்று கண்காணிப்பாளரே பாராட்டினார். என்னைப் பொறுத்தவரை, ஏழு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். எனக்கு மேலே கூரை கிடையாது, இன்னொருவரின் தரைதான் உண்டு. கூரையைப் பற்றி எழுத இப்படி ஒருவன்தான் நடுநிலையோடு இருப்பான் என்று துறை கருதியது.

சாரம் இதுதான். பகலில் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார். ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தால் ஓடு நகர்ந்திருக்கிறது. விரல் முட்டியால் தட்டினால் ஓடு கணீரென்று பதில் சொல்ல வேண்டும். முனகினால் அது தண்ணீர் குடித்துப் பழகிவிட்டது. ஓடு உட்காரும் ரீப்பர் கட்டையில் ஆணியை வைத்து அழுத்திப் பார். சுலபமாக இறங்கினால் கட்டை மக்கிவிட்டது. தெருவில் நின்று முகட்டைப் பார். முதுகு வளைந்திருந்தால் கூரையைத் தாங்கும் கைமரம் களைத்துவிட்டது. ஒட்டுப் போட்டது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் யோசிக்காமல் மொத்தத்தையும் மாற்று. 'அதற்கு மேல் நீங்கள் பழுதுபார்ப்பது உங்கள் கூரையை அல்ல' என்று எட்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். என்ன நினைத்து எழுதினேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை. வாக்கியம் நன்றாக இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

நம் கூரையில் நம் ஓடு எவ்வளவு மிச்சம் என்று யாரையாவது ஏறிப் பார்க்கச் சொல். நீ ஏறாதே.

அன்போடு,
தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று நினைக்கிறேன். தைலம் வரவில்லை, உன் பொறுப்பை ஒழுங்காகச் செய்திருக்கிறாய்.

ஓட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டேன். இவருடைய அப்பாதான் நம் வீட்டுக்கு முதலில் ஓடு வேய்ந்தாராம். ஏறினவர் நெடுநேரம் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஓட்டு இடுக்கு வழியாகக் கண்ணை மட்டும் காட்டி என்னிடம் கத்தினார்.

"ஏம்மா, இது யாரு வீட்டுக் கூரை?"

"எங்க வீட்டுக் கூரைதான். வேற யாரு வீட்டுக் கூரை மேல உம்மை ஏத்துவேன்?"

"உங்க வீட்டுக்கு அன்னம் அச்சு போட்ட ஓடுல்ல? எங்கப்பா கையால போட்டது. இங்க எதைத் திருப்பினாலும் மீனு இருக்கு. கடிகாரக்காரர் வீட்டு ஓடு அத்தனையும் மீனு. ஒரு அன்னம்கூடக் காணோமே, பறந்து போச்சா?"

"ஒண்ணு உடைஞ்சா ஒண்ணுன்னு..."

"ஒண்ணு ஒண்ணா முழுக் கூரையும் இங்க வந்துடுச்சும்மா. சுவரு உங்களுது, கூரை அவங்களுது. நடுவுல நீங்க குடக்கூலி குடுக்காம இருக்கீங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இறங்கி வந்து, எல்லாவற்றையும் கழற்றித் தகரம் போட்டுவிடலாம் என்றார். நீலமும் பச்சையும் இருக்கிறதாம். பச்சை போட்டால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோட்டம் மாதிரி இருக்குமாம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்காக நான் ஏன் கூரை போட வேண்டும் என்று கேட்டதற்கு, எல்லாரும் அதற்குத்தானே போடுகிறார்கள் என்றார்.

அவர் போன பிறகு சாய்வு நாற்காலியில் படுத்து அண்ணாந்து பார்த்தேன். உண்மைதான். தலைக்கு மேலே மீன்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. இத்தனை வருடம் குனிந்தே தைத்ததில் கவனிக்கவில்லை.

இன்னொன்று. ஒன்றும் பெரிதில்லை. மத்தியானங்களில் பின்னறையில் யாரோ இருமுகிறார்கள். போய்ப் பார்த்தால் துணி மூட்டைதான் இருக்கிறது. தெருவில் லாரி ஹாரன் அடித்தாலே கேட்காத காது இது. இருமல் மட்டும் துல்லியமாகக் கேட்கிறது. இருமி முடித்ததும் மெல்லத் தொண்டையைச் செருமுவதுகூட.

தகரத்தைப் பற்றி என்ன சொல்கிறாய்?

உன் அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் உடம்பைப் பற்றித்தான் எனக்கு இப்போது கேள்வி.

இருமல் பற்றி: ஓடுகளுக்கு இடையே காற்று புகுந்து வெளியேறும்போது இருமல், முனகல், சில சமயம் பெருமூச்சு போன்ற ஒலிகள் எழலாம். கையேட்டில் பன்னிரண்டாம் பக்கம். பொதுமக்கள் இதனால் பீதியடையத் தேவையில்லை என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம். தொண்டையைச் செருமுவது பற்றி அதில் இல்லை. அடுத்த பதிப்பில் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்.

ஆனால் அந்த ஒலி உனக்கு எப்படிக் கேட்டது என்பதற்குக் கையேட்டில் பதில் கிடையாது. காது டாக்டரிடம் போ. நல்ல செய்தியாக இருந்தால் என் மனைவி போன் செய்யக் காத்திருக்கிறாள்.

கூரை விஷயத்தில் தயங்காதே. பழசு மொத்தத்தையும் இறக்கச் சொல். மழை வருவதற்கு முன் முடிந்துவிட வேண்டும். நீலம், பச்சை, எதுவாக இருந்தாலும் சரி. உன் தலைமேல் விழாமல் இருந்தால் போதும். உடனே பதில் எழுது.

தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் ரொம்ப நன்றாக இருக்கிறேன். நீங்கள் எல்லாரும்?

டாக்டரிடம் போகவில்லை. காதில் எந்தக் குறையும் இல்லை. வீட்டுக்குள் எல்லாம் கேட்கிறது. கடிகாரங்கள் ஓடுவதுகூடக் கேட்கிறது. நம் வீட்டில் கடிகாரம் ஒன்றுதானே, அதுவும் ஓடாது என்று நீ சொல்வாய். ஆமாம். ஆனால் கேட்கிறது. ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒவ்வொன்றும் தன் பாட்டில். கேட்டுக்கொண்டே தைத்தால் வேலை தெரிவதில்லை.

கோடைமழை ஒருநாள் கொட்டித் தீர்த்தது. மேசைக்கு மேல் ஒரு சொட்டு இல்லை. ஒழுகல் இடம் மாறி, பின்னறையின் வடக்கு மூலைக்குப் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், மழை தொடங்குவதற்கு முன்பே நான் அந்த மூலையில் வாளியை வைத்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதே. அங்கேதான் வைப்பது வழக்கம் என்று கைக்குத் தோன்றியது.

பள்ளிக்கூடத்து அம்மா அளவுக்குக் கொடுத்த சட்டையின் பையிலேயே கைக்கடிகாரத்தை விட்டுவிட்டார். நின்றுபோயிருந்தது. பின்மூடியைத் திறந்து சரிசெய்து கொடுத்தேன். சின்னத் திருகுதான், ஒன்றுமில்லை. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிட்டேன். அவருக்கு ஆகாது.

கூரையை மாற்ற அவசரம் இல்லை. மேஸ்திரியிடம் சொல்லியனுப்பிவிட்டேன். தட்டிப் பார்த்தேன், கணீரென்றுதான் இருக்கிறது.

உன் அக்கா


மே 19

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நலம் விசாரிப்பதை இத்தோடு நிறுத்திக்கொண்டு நேராகக் கேட்கிறேன்.

அவர் என்றால் யார்?

உப்பு ஆகாத ஒருவர் நம் வீட்டில் இருந்ததில்லை. அப்பா உப்புப் போதவில்லை என்று தட்டைத் தள்ளியவர். இத்தனை வருடத்துக்குப் பிறகு நீ யாரையாவது கட்டிக்கொண்டாய் என்றால் எனக்குச் சந்தோஷம்தான், மாப்பிள்ளை மரியாதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஆள் யார் என்று ஒரு வரி எழுது. கடிகாரம் பழுதுபார்க்க எங்கே கற்றுக்கொண்டாய்? ஊசியில் நூல் கோக்கவே பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிடுகிற கண் உனக்கு.

என் மேசைக்கு வருகிற தபாலில் கோப்பு எண் இல்லாத ஒரே தபால் உன்னுடையதுதான். அதை நான் இரண்டு தடவை படிப்பேன். இந்தத் தடவை படித்தபோது, முதல் தடவை நீயும் இரண்டாவது தடவை வேறு யாரோ ஒருவரும் எழுதியது மாதிரி இருந்தது.

பதில் போடு. உப்பு விஷயத்துக்கு மட்டுமாவது.

தம்பி


ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம்தானே? இங்கே நாங்கள் சுகம். தபால் தாமதமானதற்கு மன்னிக்கவும். வேலை அதிகம், எல்லாருக்கும் ஒரே சமயத்தில் நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டைப் பார்த்தால்தான் மனசு கேட்கவில்லை. கூரையே இல்லை. ஒரே ஓர் ஓடுகூட விடாமல் யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தத் தையல்காரப் பெண் தனியாக இருக்கிறாள், காதும் சரியில்லை. மழை வந்தால் என்ன செய்வாள் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவளுக்கு ஒரு தம்பி உண்டு, தூரத்தில் பெரிய உத்தியோகம், எல்லாருக்கும் கூரையைப் பற்றிப் புத்திமதி சொல்வானாம் என்றார் அவர். இருமிக்கொண்டே சிரித்தார்.

சின்னதைக் கேட்டதாகச் சொல்லவும். சின்னது என்றால் யார் என்று எழுதும்போதே யோசித்தேன், சட்டென்று பிடிபடவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

(கையெழுத்து இல்லை)


ஜூலை 10

அக்கா,

நீ என் அக்கா. அந்தத் தையல்காரப் பெண் நீதான். அவளுடைய தம்பி நான்தான். புத்திமதி சொல்வேன் என்பதும் உண்மைதான். இதை ஒரு தாளில் பெரிதாக எழுதி மெஷின் மேல் ஒட்டிவை.

விடுப்புக் கேட்டேன். காரணம் என்று கேட்ட இடத்தில் 'அக்கா' என்று எழுதினேன். நோயா, திருமணமா, மரணமா என்று குறிப்பிடுமாறு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றும் இல்லை, மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று எழுத அதில் இடமில்லை. எப்படியும் வந்துவிடுகிறேன்.

அதற்குள் மேஸ்திரிக்கு நானே எழுதிவிட்டேன். வந்து மீன் ஓடு அத்தனையையும் இறக்கிவிட்டுப் புதுக் கூரை போடுவார். நீ ஒன்றும் சொல்லக்கூடாது. எட்டாம் பக்கத்தில் நான் என்ன நினைத்து எழுதினேன் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

கடிதத்தை 'உன் அக்கா' என்று முடித்து அனுப்பு. வேறெதுவும் எழுத வேண்டாம். அது போதும்.

தம்பி


ஜூலை 24

மதிப்புக்குரிய ஐயா,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முன்பின் அறியாதவர்களுக்கு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பக்கத்து வீட்டுத் தையல்காரிக்கு நீங்கள் எழுதும் கடிதங்கள் தவறுதலாக எங்கள் வீட்டில் விழுகின்றன. தபால்காரரிடம் சொல்லிப் பார்த்தோம். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். கடைசியாக வந்த கடிதத்தை மட்டும் எங்களுடையது என்று நினைத்துப் பிரித்துவிட்டேன். படிக்கவில்லை, முதல் வரியைத் தவிர. இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மேலும், எங்கள் கூரையைப் பிரிக்க ஒரு மேஸ்திரியை யாரோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுச் சொல்வதாக அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது நீங்களாக இருந்தால், தங்கள் அக்கறைக்கு நன்றி. தேவைப்படுவது பக்கத்து வீட்டுக்குத்தான்.

இப்படிக்கு,
கடிகாரக்காரர் வீட்டம்மா


ஆகஸ்டு 8

சார் அவர்களுக்கு,

ஓட்டு மேஸ்திரி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. நீங்களும் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்பு நலம், மனசுதான் சரியில்லை.

முதல் தடவை போனபோது அக்கா என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீங்கள் மறுபடி எழுதியதால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டுக்கொண்டிருந்தால் ஆகாது என்று நேரே ஏறி, முன்னறைக்கு மேலே ஒரு வரிசையை எடுத்தோம். அக்கா கீழே நின்று திட்டிக்கொண்டிருந்தார்கள். "எங்க வீட்டுக்காரருக்கு வெயில் ஆகாது, மூடுங்கய்யா!" என்று ஒரே சத்தம். திறந்த இடத்துக்கு நேர் கீழே வந்து வெயில் முகத்தில் பட்டதும் பேச்சு நின்றுவிட்டது.

"என்னம்மா?" என்றேன். "உங்க தம்பிதான் அனுப்பினாரு" என்றேன். பார்த்தார்கள். சார், பொம்மைக்குக்கூடக் கண்ணில் யாரையோ பார்க்கிற மாதிரி இருக்கும். இதில் அதுவும் இல்லை. கோபம் இல்லை, பயம் இல்லை, உள்ளே ஆளே இல்லை. என் ஆள் ஒருவன் கையைப் பிடித்து ஓட்டு நிழலுக்கு நகர்த்தினான். உடனே, "யாரு கையைப் பிடிக்கிறே?" என்று அவன் கன்னத்தில் ஒன்று விட்டார்கள். சந்தேகம் தீர மறுபடி வெயிலுக்கு நகர்த்தினோம். மறுபடியும் அதே. நிழலுக்கு வந்ததும் இரண்டாவது அடி. அதற்கப்புறம் எவனும் சந்தேகப்படவில்லை.

நான் எடுத்ததை எடுத்தபடி திரும்ப வைத்துவிட்டேன். தகரம் போடலாம், பச்சையும் கைவசம் இருக்கிறது. ஆனால் சார், அந்தத் தகரத்துக்குக் கீழே இதுவரைக்கும் யாரும் இருந்ததில்லை. அதுக்குக் கீழே அக்கா யாராக இருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. என் தொழிலில் இது கேட்கிற கேள்வியில்லை. இனி என்னை அந்த வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம்.

இறங்கும்போது உள்ளே யாரோ, "தேங்க்ஸ்ப்பா" என்றார்கள். ஆம்பிளைக் குரல். இருமல் வேறு.

மேஸ்திரி


செப்டம்பர் 3

கடிகாரக்காரர் வீட்டம்மாவுக்கு வணக்கம்.

நீங்களும் அவரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நாங்களும் நலம். போன வாரம் வந்தவன் நான்தான். டீ நன்றாக இருந்தது. காலி நாற்காலியைக் காட்டி, "அவருக்கு இருமல், கண்டுக்காதீங்க" என்றீர்கள். நானும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் துறையின் கருத்துப்படி அது காற்று. அன்றைக்குக் காற்று இல்லை.

உங்களை என்னோடு கூட்டிப்போகப் பார்த்ததற்கு மன்னிக்கவும். தெருமுனை வரை நடந்தோம். உங்களுக்கு நினைவிருக்காது. உங்கள் கையை நான் பிடித்திருந்தேன். அது என் அக்காவின் கை, கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்த பெருவிரலோடு. ஆனால் அது என்னைப் பிடிக்கவில்லை. பஸ் வந்தது. கண்டக்டர், "எங்க போகணும்மா?" என்று உங்களைக் கேட்டார். நீங்கள் அவரையும் பஸ்ஸையும் என்னையும் ஒரே மாதிரி பார்த்தீர்கள். அடுத்த பஸ்ஸுக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கு நான் காத்திருக்கவில்லை. திரும்பக் கொண்டுவந்து உங்கள் கூரைக்குக் கீழே விட்டதும், "பக்கத்து வீட்டுத் தையல்காரி தம்பியா நீங்க? முகச்சாடை அப்படியே இருக்கே! உக்காருங்க" என்று அடுப்பைப் பற்றவைத்தீர்கள். எனக்கு அது போதவில்லை, ஆனாலும் உட்கார்ந்தேன்.

உங்கள் கூரையில் இனி யாரும் கை வைக்க மாட்டார்கள். என் பொறுப்பு. கூரையை எப்போது மாற்ற வேண்டும் என்று ஊருக்கே சொன்னவன் நான். அந்த நாள் எங்கள் வீட்டில் எப்போதோ தாண்டிப் போய்விட்டது. எந்த ஓட்டோடு தாண்டியது என்று எனக்குத் தெரியாது. தெரிந்து இனி ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஒரே ஓர் உதவி. பக்கத்து வீட்டுப் பக்கம் போனால், அங்கே என் அக்கா இருந்தால், தம்பி விசாரித்ததாகச் சொல்லுங்கள். வேறு யாரிடம் சொல்லியனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

வணக்கத்துடன்,
தையல்காரியின் தம்பி


செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு (அப்படிக் கூப்பிடலாம் அல்லவா, என்னைவிடச் சின்னவர்தானே),

இங்கே இருவரும் சுகம். உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்னபடி, கழன்று கிடந்த எங்கள் ஓடு ஒன்றை வெயிலுக்குத் தலைமேல் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். கதவு இல்லாததால் தட்டவில்லை. தரை முழுக்கப் புல். வெயில் சுள்ளென்று அடித்தது. நடு அறையில் அவள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் இல்லை, கால்தான் மிதித்துக்கொண்டிருந்தது. நல்ல மெஷின் ஒன்று எங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை. தூக்க ஆள் கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன்.

தம்பி விசாரித்தார் என்று சொன்னேன். பாவம், கேட்கவில்லை. பக்கத்தில் போய்க் கத்தினேன். கேட்டதும் கால் நின்றது. எவ்வளவு நேரம் சிரித்தாள் தெரியுமா! "வந்துட்டுப் போனானா? என்னைப் பாக்காமயே போயிட்டானே" என்றாள். இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க உங்களுக்குத் தோன்றவில்லை என்று நானே சமாதானம் சொன்னேன். கோபம் ஒன்றும் இல்லை. கறுத்திருக்கிறாள், இளைத்திருக்கிறாள், மற்றபடி நலம்.

கிளம்பும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது. உங்களிடம் ஏதாவது சொல்லணுமா என்று கேட்டேன். அவள் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"சீக்கிரம் வந்து எனக்கு ஒரு கூரை போடச் சொல்லுங்க. புதுசோ பழசோ, எதுவா இருந்தாலும் சரி. பக்கத்து வீட்டுலேருந்து மட்டும் எடுக்க வேணாம். அங்க ஆளுங்க இருக்காங்க."

கடிகாரக்காரர் வீட்டம்மா